தனிக்கணினிக்குக் கட்டண நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தேவையா?

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் என்பது கணினிக்குள் நுழையும் தீங்கான நிரல்களைக் கண்டறிந்து தடுக்கவும் நீக்கவும் எழுதப்பட்ட மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இதை ஆண்டிவைரஸ் என்பர். இது இலவசமாகவும் கிடைக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டிப் பெறும் வகையிலும் கிடைக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருக்கும் மாணவரோ சிறு குடும்பமோ இதற்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. புதுப்பிப்புகள் முறையாகக் கிடைக்கும் உண்மையான விண்டோஸ் கணினிக்கு அதனுடன் வரும் பாதுகாப்பே பெரும்பாலும் போதும். புதுப்பிப்பு நின்றுபோன கணினியைப் பணம் கட்டி வாங்கும் மென்பொருளாலும் முழுமையாகக் காப்பாற்ற இயலாது. இவ்விரு முடிவுகளுக்கான காரணங்களும், விதிவிலக்குகளும் கீழே தரப்படுகின்றன.

கேள்வியின் பின்னணி

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் பல இலட்சம் குடும்பங்களுக்குள் முதல் கணினி நுழைந்தது. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ள குருவிகுளம் போன்ற கரிசல் காட்டு ஊர்களில், மேல்நிலைப் பள்ளி மாணவர் கொண்டுவந்த அந்த மடிக்கணினியே வீட்டின் ஒரே கணினியாக இருந்தது. 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கையடக்கக் கணினிகள் அல்லது மடிக்கணினிகள் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எனவே இக்கேள்வி இன்னொரு தலைமுறைக்கும் உரியதாகிறது.

கணினி மெதுவாக இயங்கினாலோ கோப்பு ஒன்று திறக்க மறுத்தாலோ அதைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அங்கே பெரும்பாலும் சொல்லப்படும் தீர்வுகள் இரண்டு: விண்டோஸை அழித்து மீண்டும் ஏற்றுவது, ஓராண்டு ஆண்டிவைரஸ் போட்டுக்கொள்வது. அந்தச் சந்தா சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். தினக்கூலியில் ஓடும் வீட்டில் இது ஒரு நாள் அல்லது இரண்டு நாள் உழைப்பு. உரிமத்தை விற்கும் கடைக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. இலவசப் பாதுகாப்பை இயக்கிக் காட்டினால் எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே இதில் ஆலோசனை கேட்பவர், ஆலோசனையோடு சேர்த்துச் சரக்கையும் விற்பவரிடமே கேட்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டணம் நியாயமாக இருந்த காலம்

தனிக்கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலாகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் ‘பிரைன்’ 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்டது. அது நெகிழ்வட்டுகள் வழியே பரவியது. இந்தியாவில் இத்துறை விரைவிலேயே வேர்விட்டது. சென்னையில் 1991இல் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல், மும்பையைச் சேர்ந்த இஸ்கேன் ஆகியவை உள்நாட்டுப் பெயர்களாக வளர்ந்தன. இவற்றுள் கே7இன் தொழில்நுட்பம் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் பெயரில் பரவலாக விற்கப்பட்டது. 2006 முதல் அங்கே ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லாத ‘ஜீரோ’ என்ற வகையும் விற்பனைக்கு வந்தது. ஆண்டுச் சந்தா என்பது இம்மென்பொருளுக்கு இயல்பாகவே அமைந்த கட்டாயம் அன்று, அது ஒரு வணிக முறை என்பதற்கு இது நல்ல சான்று.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பணம் கொடுத்து வாங்கியதில் பிழையில்லை. அந்த இயங்குதளத்தில் நச்சுநிரலைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளமைவாக இல்லை. பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானே ஓடும் ‘ஆட்டோரன்’ வசதி, நகலகத்திலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கும் நச்சுநிரலைச் சுமந்தது. கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிப்போன அனுபவம் அக்காலப் பயனர் பலருக்கும் உண்டு. பென்டிரைவுகளில் இந்த வசதி விண்டோஸ் 7இல் நீக்கப்பட்டது. பழைய பதிப்புகளுக்கு 2011 பிப்ரவரியில் புதுப்பிப்பாக அந்த மாற்றம் அனுப்பப்பட்டது. ஒரு பெரிய வாசல் இவ்வாறு இயங்குதளத்தின் மாற்றத்தாலேயே அடைபட்டது.

உள்ளமைந்த பாதுகாப்பின் வளர்ச்சி

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘டிஃபெண்டர்’ என்ற பெயரில் நச்சுநிரல் எதிர்ப்பு இயங்குதளத்துடனேயே வருகிறது. தொடக்கத்தில் அதன் தரம் பாராட்டத்தக்கதாக இல்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற சோதனை நிறுவனம் 2012இன் இறுதியில் எசென்ஷியல்ஸுக்குச் சான்றிதழ் தர மறுத்தது. ‘விண்டோஸோடு வருவது எதற்கும் உதவாது’ என்ற கருத்து அப்போது உண்மையாகவே இருந்தது. அந்தக் கருத்து இன்றும் கடைகளில் உலவுகிறது. மென்பொருள் மட்டும் மாறிவிட்டது. 2019இல் அதே ஏவி-டெஸ்டின் சோதனையில் டிஃபெண்டர் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றிலும் முழு மதிப்பெண் பெற்றது.

டிஃபெண்டர் இன்று மூன்று வழிகளில் செயல்படுகிறது. முதலாவது, அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளப் பட்டியலுடன் கோப்பை ஒப்பிடுவது. இரண்டாவது, நிரலின் நடத்தையைக் கவனிப்பது. எடுத்துக்காட்டாக, ஒரு நிரல் பல கோப்புகளை வேகமாகப் பூட்டத் தொடங்கினால் அதை நிறுத்துவது. மூன்றாவது, ஐயத்துக்குரிய கோப்பைப் பற்றி இணையம் வழியே நிறுவனத்தின் வழங்கியிடம் கேட்பது. கட்டண மென்பொருள்களும் அடிப்படையில் இம்மூன்றையே செய்கின்றன.

சோதனை முடிவுகளைப் படிக்கும் முறை

விளம்பரங்களில் ‘99 விழுக்காடு பாதுகாப்பு’ போன்ற எண்கள் இடம்பெறுவதுண்டு. சோதனைக்கூடங்களின் அட்டவணைகளைப் பார்த்தால் முன்னணி மென்பொருள்கள் பலவும் அந்த அளவுக்கு அருகிலேயே நிற்பது தெரியும். முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. அடுத்த சுற்றில் வரிசை மாறவும் செய்கிறது. அத்தகைய வேறுபாட்டை வீட்டுப் பயனர் ஒருவர் தம் கணினியில் உணர வாய்ப்பில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் நிறுவனம் இணைய இணைப்பு இல்லாத நிலையிலும் கண்டறியும் திறனை அளக்கிறது. டிஃபெண்டர் இணைப்போடு இருக்கும்போது நன்றாகவும், இணைப்பு இல்லாதபோது சில கட்டண மென்பொருள்களைவிடக் குறைவாகவும் கண்டறிவது அம்முடிவுகளில் காணப்படுகிறது. நகரத்து வீட்டில் இது பொருட்டில்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை ஒரு மணி நேரம் மட்டும் இயக்கி, மற்ற நேரங்களில் பென்டிரைவில் கோப்புகளைக் கொண்டுவரும் ஊர்ப்புற மாணவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. மேலும், ஹாட்ஸ்பாட் இணைப்பு அளவிடப்படும் இணைப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தானாக இறக்குவதில்லை. டேட்டாவை மிச்சப்படுத்தும் ஏற்பாடே பாதுகாப்பைக் குறைத்துவிடுகிறது. வாரம் ஒருமுறை புதுப்பிப்புப் பக்கத்தைத் திறந்து கையால் இறக்கிக்கொள்வது இதற்குச் செலவில்லாத தீர்வு.

கட்டணம் செலுத்தியும் தடுக்க முடியாதவை

வீட்டுக் கணினிகளுக்கு இன்று வரும் தீங்குகளில் பெரும்பகுதி பயனரின் அனுமதியோடு நுழைகிறது. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது திருட்டு மென்பொருள். உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றும்போது, அதை உரிமம் பெற்றதுபோலக் காட்டும் ஒரு சிறு நிரலையும் ஓட்டுகிறார்கள். அத்தகைய நிரல்கள் பலவும் ‘முதலில் டிஃபெண்டரை நிறுத்துங்கள்’ என்ற குறிப்போடுதான் வருகின்றன. கணினி கடையிலிருந்து திரும்பும்போது பாதுகாப்பு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கலாம், அல்லது சில கோப்புறைகள் சோதனையிலிருந்து விலக்கப்பட்டிருக்கலாம். அதன் மேல் கட்டண ஆண்டிவைரஸ் போடுவது, கதவைக் கழற்றி வைத்துவிட்டு நிலைக்குப் பூட்டு வாங்குவது போன்றது. கட்டண விளையாட்டுகளையும் வடிவமைப்பு மென்பொருள்களையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் ‘கிராக்’ கோப்புகள் வழியே பரவிய ‘ஸ்டாப்’ என்ற பணயத் தீநிரல், உலகெங்கும் வீட்டுக் கணினிகளில் இருந்த படங்களையும் பாடக் குறிப்புகளையும் பூட்டியது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் அதன் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பின்னர் வந்த பல வகைகளால் பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்க வழி கிடைக்கவில்லை.

இரண்டாவது தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலிகள். வங்கி அதிகாரி என்றோ மின்வாரிய ஊழியர் என்றோ பேசுபவர் அத்தகைய செயலியை நிறுவச் சொல்வார். அது நேர்மையான நிறுவனம் தயாரித்த, முறையான செயலி. எனவே நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்கு அதைத் தடுக்கக் காரணம் தெரியாது. பயனரே எண்ணைச் சொல்லி உள்ளே விடுகிறார்.

மூன்றாவது, ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிடுவது. இங்கே கணினிக்கே பங்கில்லை. பணம் இழந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதை அறிந்திருப்பது இவ்விடத்தில் எந்த மென்பொருளையும்விடப் பயன்தரும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிகளின்படி, வங்கியிலோ வாடிக்கையாளரிடமோ தவறில்லாமல் வெளியார் முறைகேட்டால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. கடவுச்சொல்லைத் தாமே சொல்லியிருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் நேரம் வரை ஏற்பட்ட இழப்பு அவரையே சாரும்.

புதுப்பிப்பு நின்ற கணினிகள்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ பணயத் தீநிரல் இக்கேள்விக்கு ஒரு தெளிவான பாடம். கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணினிகள் சில அதனால் பூட்டப்பட்டன. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. 2008 நவம்பரில் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ விஷயத்திலும் இதே கதைதான். அதற்கான புதுப்பிப்பு அக்டோபரிலேயே வந்துவிட்டது. இரண்டு தாக்குதல்களிலும் உரிய காலத்தில் புதுப்பித்தவர்களுக்கு எதிரே அந்த ஓட்டை திறந்திருக்கவில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விருப்பமுள்ள வீட்டுப் பயனர்கள் பதிவு செய்து 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறும் ஏற்பாடு உண்டு. பழைய அரசு மடிக்கணினிகளில் மிகப் பல, விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதியைப் பெறாதவை. இவற்றின் உரிமையாளர்களிடமே ‘விண்டோஸ் பழசு, ஆண்டிவைரஸ் போட்டால் சரியாகிவிடும்’ என்று அதிகமாகச் சொல்லப்படுகிறது. இது தவறான அறிவுரை. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் கோப்புகளையும் நிரல்களையும் சோதிக்கிறது. இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் ஓட்டையை அது அடைப்பதில்லை. குறைந்த நினைவகம் கொண்ட பழைய கணினியில் கனமான பாதுகாப்புத் தொகுப்பை ஏற்றினால் வேகமும் குறைகிறது.

இக்கணினிகளுக்கு வேறொரு வழி உண்டு. அது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றியது. உரிமச் செலவும் நச்சுநிரல் தொல்லையும் அப்போது பேசப்பட்ட காரணங்களில் அடங்கும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலும் இயங்கக்கூடியது. அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அது விண்டோஸுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் அது திறந்து பார்க்கப்படவே இல்லை; முதல் பழுதுபார்ப்பின்போது பல கணினிகளில் அழிந்தும் போனது. கட்டுரை எழுதவும், பாடக் காணொளி பார்க்கவும், விண்ணப்பம் நிரப்பவும் மட்டும் பயன்படும் பழைய கணினிக்கு, இன்றும் புதுப்பிப்பு பெறும் ஒரு லினக்ஸ் பதிப்பு, பணம் கட்டிய ஆண்டிவைரஸோடு கூடிய காலாவதியான விண்டோஸைவிடப் பாதுகாப்பானது. குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் ஒன்று தேவைப்படுவோருக்கு மட்டும் இது பொருந்தாது.

காவலரே சுமையாகும்போது

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் கணினியின் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அதிகாரம் பெற்றது. அந்த அதிகாரம் தவறாகப் பயன்பட்டதற்கும் சான்றுகள் உள்ளன. பலரும் விரும்பி நிறுவிய அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற தரவைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியே விற்றது. 2020இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. ‘இலவசம்’ என்ற சொல்லையும் இதனால் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியுள்ளது. 2024 ஏப்ரலில் அவாஸ்ட் ஆய்வாளர்களே இன்னொரு செய்தியை வெளியிட்டனர்: இஸ்கேன் மென்பொருளின் புதுப்பிப்பு, குறியாக்கம் இல்லாத இணைப்பில் வந்துகொண்டிருந்ததைத் தாக்குநர்கள் பயன்படுத்தி, அதன் வழியே தீநிரலை அனுப்பியிருந்தனர். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க அரசு, நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி மென்பொருளின் விற்பனைக்குத் தடை விதித்தது.

இவற்றால் இம்மென்பொருள்கள் எல்லாம் தீயவை என்று ஆகிவிடாது. கூடுதலாக ஒரு காவலரை அமர்த்துவது எப்போதும் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் மட்டும் தவறு என்பது இவற்றால் விளங்கும்.

சந்தா முறையிலும் இரண்டு இடர்கள் உள்ளன. முதல் ஆண்டுக் குறைந்த விலை இரண்டாம் ஆண்டில் தானியங்கிப் புதுப்பித்தலில் உயர்வதுண்டு. மேலும், கட்டண மென்பொருள் நிறுவப்பட்டதும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்கிறது. சந்தா முடிந்த மென்பொருளை நீக்காமல் அப்படியே விட்டால், புதிய நச்சுநிரல்களை அறியாத ஒரு காவலரின் பொறுப்பில் கணினி இருக்கக்கூடும். ஓராண்டுக்கு மட்டும் வாங்கிப் பின் மறந்துவிடும் வீடுகளில் இதற்கு வாய்ப்பு உண்டு.

கட்டணம் தகும் இடங்கள்

சில சூழல்களில் பணம் கொடுப்பது நியாயமானது.

- பலரது பென்டிரைவுகள் நாள்தோறும் செருகப்படும் நகலகம், இணைய மையம், தட்டச்சுப் பயிலகம் ஆகியவற்றின் கணினிகள். ஒரு கணினியின் நோய் ஊர் முழுதும் பரவும் இடங்கள் இவை.
- வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் கடை, விசைத்தறிக்கூட அலுவலகம் போன்ற சிறு தொழில்கள்.
- இணைய இணைப்பு அரிதாகவே கிடைத்து, கோப்புப் பரிமாற்றம் மிகுதியாக நடக்கும் கணினிகள்.
- சிக்கல் வந்தால் தொலைபேசியில் பேசி உதவ ஆள் வேண்டும் என்று விரும்பும் முதியவர்கள். இவர்கள் வாங்குவது மென்பொருளைவிட உதவிச் சேவையையே. உள்நாட்டு நிறுவனங்களுக்கு இதில் மேன்மை உண்டு.
- குழந்தைகளின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் வசதி, பல கருவிகளுக்கான ஒரே உரிமம் ஆகியவற்றை உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் குடும்பங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

- ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பக்கத்தைத் திறந்து, எந்த மென்பொருள் காவலில் இருக்கிறது, விலக்கப்பட்ட கோப்புறைகள் ஏதேனும் உள்ளனவா என்று பார்ப்பது. பழுதுபார்க்கும் கடையிலிருந்து கணினி திரும்பியதும் இதைச் செய்வது நல்லது.
- அதே பக்கத்தில் பணயத் தீநிரலுக்கு எதிரான கோப்புறைக் காப்பு வசதியை இயக்குவது. இது இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும்.
- அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கைப் பயன்படுத்துவது.
- உலாவியில் ‘உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’ என்று மிரட்டும் அறிவிப்புகளைச் சொடுக்காமல், அந்தத் தளத்துக்குத் தந்த அறிவிப்பு அனுமதியை நீக்குவது.
- ஐயம் ஏற்பட்டால், இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் இலவசக் கருவிகளைப் பயன்படுத்துவது. இவை உள்நாட்டு நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் துணையோடு வழங்கப்படுகின்றன.
- முக்கியக் கோப்புகளுக்குக் காப்புநகல் எடுத்து, அந்தப் பென்டிரைவையோ வன்வட்டையோ கணினியிலிருந்து கழற்றி வைப்பது.

கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் சிறு செலவு உண்டு. ஆனால் 64 ஜிபி பென்டிரைவின் விலை, பல ஓராண்டுச் சந்தாக்களின் விலையைத் தாண்டாது. சந்தா ஆண்டு முடிவில் தீர்ந்துபோகிறது. பூட்டப்பட்ட கோப்புகளை அதனால் திரும்பத் தரவும் இயலாது. காப்புநகல், நச்சுநிரல் தாக்கினாலும், வன்வட்டு பழுதானாலும், மடிக்கணினியே திருட்டுப் போனாலும் கைகொடுக்கும்.

மதிப்பீடு

கட்டண நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் ஏமாற்று வேலை அன்று. ஒரு காலத்தில் அது தேவையாக இருந்தது. இன்றும் சில இடங்களில் தேவையாக உள்ளது. குறை சொல்லத்தக்கது, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே மருந்தாக அது விற்கப்படும் முறைதான். புதுப்பிக்கப்பட்ட உண்மையான விண்டோஸ் உள்ளவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகக் குறைவு. திருட்டு விண்டோஸ் அல்லது காலாவதியான விண்டோஸ் உள்ளவருக்கு அது இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டுகிறது. இதுவே பெரிய தீங்கு. வீட்டின் ஒரே கணினியில் மாணவரின் செயல்திட்டமும், குடும்பத்தின் சான்றிதழ் நகல்களும், மறைந்த பெரியவர்களின் படங்களும் இருக்கின்றன. அவற்றைக் காக்கச் செலவிட ஐந்நூறு ரூபாய் மட்டுமே உண்டு என்றால், அது முதலில் காப்புநகலுக்குச் செல்வதே முறை.